படத்தை உரிப்பவள்

கணினிக்கு முதுகைக் காட்டி உட்காருகிற ஓர் ஆளை அவளைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "என்னா சொல்லுது?" என்று கேட்பாள். நான் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இன்னும் எறங்குது. பாதி வந்துருச்சி."

"அவ மொகம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப நான் திரும்பல. எறங்குனதும் பக்கத்த மூடிட்டு சொல்லு."

வீடியோ முழுதாக இறங்கி, அந்த இணையப் பக்கத்தை நான் மூடி, கோப்புகளின் பெயரும் எண்ணும் மட்டும் வரிசையாகத் தெரிகிற இடத்துக்கு வந்ததும்தான் அவள் நாற்காலியைத் திருப்புவாள். அதற்குப் பிறகு என் உதவி வேண்டாம். எல்லாம் அவளே செய்வாள். அந்த வேலைக்கு அவள் வைத்திருந்த பெயர் 'உரிக்கிறது'. வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு சாயந்திரம் ரெண்டு உரிக்கணும், கம்ப்யூட்டர யாருக்கும் குடுத்துறாத" என்பாள். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பெண்கள்தான்.

மலேசியாவின் பத்து பாகாட்டில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில், வரிசை வீடொன்றை இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். துண்டும் போர்வையும் செய்கிற ஒரே ஃபேக்டரியில் வேலை. நான் ஸ்டோர் ஆபிஸில் இருந்தேன். அவள் தையல் பிரிவில் துணியைச் சரிபார்க்கிறவள். இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, குழந்தைக்கு மூன்று வயது நடக்கும்போது கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வேலை பார்க்கிறவளால் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியவில்லை. யோங் பெங்கில் இருந்த நாத்தனார் வந்து தூக்கிக்கொண்டு போனார். கணவருக்கு அக்கா. குழந்தை இல்லாதவர். பாப்பாவை உயிராக வளர்த்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது, அவளும் சொன்னதில்லை.

அந்த நாத்தனாரின் கணவர் ஒரு கேமரா வாங்கினார். பாப்பா நடப்பது, சாப்பிடுவது, பூனையைத் துரத்துவது என்று எல்லாவற்றையும் எடுத்து இணையத்தில் ஏற்றக் கற்றுக்கொண்டார். முதல் வீடியோவை ஆபிஸில் என் மேசையில்தான் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பாப்பா அத்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நடந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அவள் எழுந்து வெளியே போனாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக பஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். ஃபேக்டரி சட்டையோடு, கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கத்தரிக்கோலோடு யோங் பெங் போய் இறங்கியிருக்கிறாள்.

அன்று மாலை அவள் திரும்பி வந்த பிறகு பாப்பா மூன்று நாள் அழுதாள். சாப்பிடவில்லை. நாத்தனார் போனில் கெஞ்சினார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"வர வேணாம்னு சொல்லல ம்மா. நீ வந்துட்டு போனா இவள என்னால சமாளிக்க முடியல. கொஞ்சம் பெருசாகட்டும். பள்ளி லீவுக்கு வா, நாலு நாளு இரு. இப்படி திடீர்னு வந்துட்டு திடீர்னு போவாத."

"சரி அண்ணி" என்றாள்.

அன்றிலிருந்து படம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். "மொகத்த பாத்தா காலு நிக்காது. சத்தம்னா தாங்கிக்கலாம்" என்றாள். ஒலியை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வதற்கு வழி தேடியது அப்படித்தான்.

அவளிடம் இருந்த போனும் அதற்கேற்றது. எங்கள் ஃபேக்டரியில் கேமரா உள்ள போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அங்கே கேமரா கண்ணைப் பிடுங்கிவிட்டு விற்கிற பழைய போன்கள் கிடைக்கும். அப்படி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். கேமரா இருந்த ஓட்டையில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். அதில் இடம் மிகவும் குறைவு. பாட்டு கேட்க எல்லோரும் பயன்படுத்திய வகைக் கோப்புகளைப் போட்டால் பத்திலேயே நிறைந்துவிடும். ஆனால் அந்தப் போனுக்கு 'ரியல் ஆடியோ' என்ற ஒரு பழைய வடிவமும் தெரியும். தொலைபேசிக் கம்பியில் இணையம் ஊர்ந்து வந்த காலத்தில், ஒலி வர வரக் கேட்டுக்கொண்டே இருப்பதற்காக யாரோ கண்டுபிடித்தது. அப்போதே அதை எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். குரலைக் கசக்கிச் சின்னதாக மடித்து வைக்கத் தெரிந்த வடிவம். ஐந்து நிமிட வீடியோவை அதற்கு மாற்றினால் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது.

மாற்றுவதற்கு ஒரு மென்பொருளை அவளே எங்கேயோ தேடிப் பிடித்திருந்தாள். அதில் 'குரல்', 'இசை' என்று இரண்டு தேர்வு உண்டு. கீழே எவ்வளவு மெதுவான இணைப்புக்கு வேண்டும் என்று கேட்கும். அவள் எப்போதும் 'குரல்', ஆக மெதுவானது. பச்சைக் கோடு நிரம்பி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் போனில் ஏற்றி, காதுக்குழலைச் சொருகிக்கொண்டு துணி காயப்போடப் போய்விடுவாள். இப்படி எல்லா வீடியோவும், ஒன்றுகூட விடாமல், அந்தச் சின்ன போனுக்குள் இருந்தது.

காதை வைத்தே பிழைக்கிறவள் அவள். ஃபேக்டரியில் நாற்பது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சலில், "ஏழாவது மெஷின் ஊசி ஒடையப் போவுது" என்பாள். சூப்பர்வைசர் நம்பாமல் நிற்பார், ஊசி ஒடியும். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, அடுப்பங்கரையிலிருந்தே, "யாரோட சண்ட?" என்று கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபிஸ் தோழிகளோடு ஆயர் ஈத்தாமுக்குப் பூச்சாடி பார்க்கப் போனேன் என்று சொன்னேன். உண்மையில் போனது வேறோர் ஆளைப் பார்க்க. முழுக் கதையையும் கேட்டு முடித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நல்லவரா?" என்றாள்.

காலையில் பசியாறும்போது பாப்பா வீட்டுச் செய்தி சொல்வாள். "முன்பல்லு ஆடுது." "புது ஃபேன் மாட்டியிருக்காங்க, பழைய ஃபேன்ல டக்கு டக்குனு ஒண்ணு வரும், அது இல்ல." "பூனை குட்டி போட்டிருக்கு, மூணு குட்டியாவது இருக்கும்." வீடியோவைப் பார்த்திருந்த எனக்குக்கூட பூனைக்குட்டி தெரிந்திருக்காது. ஒருமுறை, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ரேடியோ சத்தம் மூன்று வீடியோவாக இல்லை, அவர் காலமாகிவிட்டார் போல என்று வருத்தப்பட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்துவிட்டாள். அலமாக்! தாத்தா நன்றாக இருந்தார், ரேடியோதான் கெட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி நான் ஒரு வாரம் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்து பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மெத்தை உறையை மாற்றிக்கொண்டிருந்தவள் காதுக்குழலைக் கழற்றிவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

"அண்ணி கத்துறாங்க" என்றாள்.

"ஏன், கோவமா?"

"இல்ல. அன்பாத்தான் கத்துறாங்க. அதான் எனக்கு புரியல."

போனை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் எடுத்தது, அதற்கு அடுத்த மாதம், தீபாவளிக்குப் பலகாரம் சுட்டது, போன வாரத்தது. கேட்க எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நாத்தனார் பாப்பாவைக் கூப்பிடுகிறார், பேசுகிறார், சிரிக்கிறார். அவள் மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை எனக்கும் கேட்டது. மாதத்துக்கு மாதம் நாத்தனாரின் குரல் ஏறிக்கொண்டே வந்திருந்தது.

"கேமராவ கிட்ட வெச்சி எடுத்திருப்பாங்க லா" என்றேன்.

"கிட்ட வெச்சா செவுத்து கடிகாரமும் சத்தமா கேக்கணும்ல? அது அப்படியேதான இருக்கு."

போன வாரத்ததை மறுபடியும் போட்டாள்.

"பாப்பாவுக்கு 'ச' போயிருச்சி. முன்னாடி சோறுன்னு சொல்லுவா. இப்ப ஓறுங்கறா. பல்லு விழுந்ததால இருக்கும்னு நெனச்சேன். பல்லு மொளச்சிருச்சி, 'ச' வரல. எல்லாத்துக்கும் ஆ, ஆன்னு கேக்கறா."

"இது இந்த ஃபைலோட கொற. நீதான் ரொம்ப சின்னதா கசக்கி வெக்கிற. அப்படி பண்ணா 'ச'லாம் மழுங்கித்தான் போவும்."

அதைக் கேட்டு அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறவள்போல வேகமாகக் கணினிக்கு முன் வந்து உட்கார்ந்தாள். போன வார வீடியோவை எடுத்து, முதல் தடவையாக 'இசை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். இருப்பதிலேயே பெரிய அளவைப் போட்டாள். பச்சைக் கோடு நகர்ந்தது. கணினியின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேட்டோம். நாத்தனார், "சோறு போடவா செல்லம்?" என்று கேட்டது பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருந்தது. "ஆ?" என்றது பாப்பா. "சோறு, சோறு!" "ஓறு வேணாம்" என்றது பாப்பா.

மறுபடியும் மாற்றினாள். வேறு அளவு. மூன்றாவது தடவையும் அப்படியேதான் இருந்தது. ஒரே கோப்பில் அத்தையின் 'ச' இருந்தது. பிள்ளையின் 'ச' இல்லை.

நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "வீடியோவ போடு. நான் பாக்கல. நீ பாத்து சொல்லு."

போட்டேன். ஏற்கெனவே நான் பார்த்துச் சிரித்த வீடியோதான் அது. பாப்பா தரையில் உட்கார்ந்து பூனைக்குட்டிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாத்தனார் அடுப்பங்கரை வாசலிலிருந்து கூப்பிடுகிறார்.

"இப்ப அண்ணி எங்க நிக்கறாங்க?"

"அவளுக்கு பின்னால."

"மொத தடவ கூப்பிட்டாங்க. திரும்புனாளா?"

"இல்ல. பூனையில கவனமா இருக்கா."

"ரெண்டாவது தடவ?"

"இல்ல."

"மூணாவது தடவ ஆன்னு சொன்னா. அதுக்கு முன்னாடி அண்ணி கிட்ட வந்தாங்களா? நல்லா பாத்து சொல்லு."

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். நாத்தனார் இரண்டடி முன்னால் வருகிறார். அவருடைய நிழல் பூனையின் மேல் விழுகிறது. அப்போதுதான் பாப்பா நிமிர்கிறாள். நிமிர்ந்து அத்தையின் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்க்கிறாள். கேமரா பிடித்திருந்தவர், "குறும்புக்காரி, வேணும்னே பண்றா" என்று சிரிக்கிறார். போன வாரம் அந்த இடத்தில் நானும் சிரித்திருந்தேன்.

"நெழலு விழுந்துச்சி" என்றேன்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். நின்றிருந்த படத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குமேல் திரையில் அந்த முகத்தைப் பார்க்காதவள். லீவுக்கு லீவு போய் நாலு நாள் இருந்தபோதெல்லாம் பிள்ளையை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்ததால், பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை என்று பிறகு சொல்லி அழுதாள். அப்போது அழவில்லை. எழுந்து பர்ஸை எடுத்துக்கொண்டாள். நானும் கிளம்பினேன்.

யோங் பெங் போகிற வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. பஸ் நிற்பதற்கு முன்பே அவள் எழுந்து படிக்குப் போய்விட்டாள். நாங்கள் போனபோது நாத்தனார் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் வந்ததைப் பார்த்து அவருக்கு முகம் மாறியது. "என்னா ம்மா திடீர்னு? லீவு இன்னும் வரலியே" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இரண்டடி தள்ளி நின்று, "பாப்பா" என்றாள். சாதாரணமாக நாம் பேசுகிற குரல். பாப்பாவின் கை வர்ணம் தீட்டிக்கொண்டே இருந்தது. "பாப்பா, அம்மா வந்திருக்கேன்." கை நிற்கவில்லை.

"வெளாட்டு லா. எப்பவும் இப்படித்தான் பண்ணுவா" என்றார் நாத்தனார்.

அவள் மூன்றாவது தடவை கூப்பிட்டாள். நாத்தனார் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். அதற்குமேல் யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் தெனம் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றார். "தலைக்கு குளிப்பாட்டுறேன், சடை பின்னுறேன், காத தொடச்சி விடுறேன். எனக்கு எப்படி தெரியாம போச்சி?"

நான் எதிர்பார்த்தது சண்டை. இரண்டு வருடமாகப் பிள்ளையை விட்டுக்கொடுத்தவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்க அண்ணி. அவளுக்கு கேக்காதப்பலாம் நீங்க கொஞ்சம் சத்தமா பேசி சரி பண்ணிக்கிட்டே வந்துட்டீங்க. உங்களுக்கு எப்படி தெரியும்?"

அப்போதுதான் பாப்பா திரும்பிப் பார்த்து, அம்மாவைக் கண்டு, வர்ணப் பென்சிலோடு ஓடி வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை டாக்டர் பார்த்தார். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கட்டிக் கெட்டியாகியிருந்தது. அடிக்கடி வந்த சளியால் வந்தது. இன்னும் விட்டிருந்தால் பேச்சே பின்தங்கியிருக்கும் என்றார். நல்ல வேளையாக, அறுவை சிகிச்சை என்றால்கூட சின்னதுதான். செவிப்பறையில் ஒரு மணியளவு குழாய் வைத்தார்கள். அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நாத்தனாரும் அவளும் ஒரே பெஞ்சில், ஒரே பிளாஸ்டிக் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது என் கண்ணில் இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பாப்பா முறுக்கைக் கடித்துவிட்டுப் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாளாம். தன் பல்லுக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

நாத்தனார்தான் சொன்னார், "நீ இங்கயே வந்துரு" என்று. "எனக்கு தனியா பயமா இருக்கு. இன்னும் எதயாச்சும் நான் கேக்காம விட்டுருவேன்." யோங் பெங்கிலேயே ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. மாத முடிவில் அவள் வீட்டைக் காலி செய்தாள். சாமான் அதிகமில்லை. இரண்டு பை, ஒரு மெத்தை. நாத்தனாரின் கணவர் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். அவள் போன அன்று சாயந்திரம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன். நின்றது அடுப்பங்கரையிலிருந்து வருகிற கேள்விக்காக என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வீடியோக்கள் தொடர்ந்து வந்தன. அவற்றில் இப்போது அவளும் இருந்தாள். ஆனால் படத்துக்குள் வரவே மாட்டாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வரும். "மெல்ல, மெல்ல, பூனைக்கு வலிக்கும்" என்பாள். ஒரு நாள், அவள் விட்டுப்போன அந்த மென்பொருளைத் திறந்து, ஒரு வீடியோவை நானும் உரித்துப் பார்த்தேன். என் போனில் அந்த வடிவம் ஓடவில்லை. கணினியிலேயே வைத்துக்கொண்டு, சமைக்கும்போது போட்டுவிடுவேன். வீட்டில் அவள் இருப்பதுபோல் இருக்கும்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. அவள் அன்று நல்லவரா என்று கேட்ட மனிதரையே கட்டிக்கொண்டேன். நல்லவர்தான். ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டோம். முதலில் மாதத்துக்கு ஒரு போன், பிறகு தீபாவளிக்கு ஒரு போன், பிறகு எண்கள் மாறிப்போயின. அந்தக் கணினி மழைக்காலத்தில் ஒருநாள் நின்றது, நின்றதுதான். அந்த வீடியோக்கள் இருந்த பக்கத்தையும் இப்போது காணோம். என் கணவர் தவறி இரண்டு வருடமாகிறது. மகன் வேலைக்குப் போய்விட்டால் நாள் முழுக்க வீட்டில் என் சத்தம் மட்டும்தான்.

மூன்று வாரத்துக்கு முன், கோலாலம்பூர் போகிற வழியில் ஆயர் ஈத்தாமில் சாப்பிட நிறுத்தியபோது, ஒரு பானைக் கடை வாசலில் நாத்தனாரைப் பார்த்தேன். நடை தளர்ந்திருந்தது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். பாப்பா படித்து முடித்து குளுவாங்கில் வேலை பார்க்கிறாள். பாப்பாவின் அம்மா இப்போது சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். "ஒன்ன பத்தி கேக்காத நாளு இல்ல" என்றார். எண்ணைக் கொடுத்தார்.

மூன்று வாரமாகக் கூப்பிடவில்லை. அவளோடு பேச வேண்டும் என்று எவ்வளவு ஆசையோ அவ்வளவு பயம். என்ன சொன்னாலும் என் குரலிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். கொஞ்சம் தேறிய பிறகு பேசலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்று காலை, பசியாறி முடித்து, தொண்டையைச் செருமிச் சரி செய்துகொண்டு அழைத்தேன்.

"ஹலோ" என்றாள். அதே குரல்.

"நான்தான்" என்றேன். "நல்லா இருக்கேன். சும்மா கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை, எங்கே போனாய் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. நான் மூச்சு விடுவதை அவள் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"அட்ரஸ் அனுப்பு" என்றாள். "பதினோரு மணி பஸ் இருக்கு."